ஜான் கோல்ட்ரேன் வாழ்க்கைய காதால தெரிஞ்சுக்கிறது எப்படி: ஒரே பாட்டு, நாலு ரெக்கார்டிங்

அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன கேக்கணும்னு ஆசையா ஆரம்பிச்சு பாதியிலயே விட்டுட்டவங்க நிறைய பேர் இருக்காங்க. பெரும்பாலும் அதுக்கு காரணம் கையில கிடைச்ச முதல் ஆல்பம்தான். 1957ல பண்ணது கிடைச்சா "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுக்கா இவ்வளவு பேசுறாங்க"ன்னு தோணும், 1966ல பண்ணது கிடைச்சா ரெண்டு நிமிஷத்துல ஹெட்ஃபோன கழட்டிடுவாங்க. ரெண்டுமே அதே மனுஷன்தான், நடுவுல வெறும் ஒம்போது வருஷம். அந்த ஒம்போது வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சா அந்த 1966 சத்தத்துக்கு உள்ள போக ஒரு கதவு கிடைக்கும். அதுக்கு நான் நம்புற வழி, அவர் திரும்பத் திரும்ப வாசிச்ச ஒரே ஒரு பாட்ட பிடிச்சுக்கிட்டு வருஷ வரிசையில போறது. பாட்டு மாறாது, அதனால மாறுனது எல்லாம் அவர்தான்னு காதுக்கு தெளிவா தெரியும்.

அந்த பாட்டு மை ஃபேவரிட் திங்ஸ். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் ரெண்டு பேரும் 1959ல வந்த ஒரு பிராட்வே மேடை நாடகத்துக்கு எழுதுனது, குழந்தைங்க கூட பாடுற மாதிரி எளிமையான மெட்டு. கோல்ட்ரேன் இத 1960ல எடுத்து 1967ல சாகுற வருஷம் வரைக்கும் விடவே இல்ல.

கேக்க உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணிருங்க, இது ரொம்ப முக்கியம். ஆப்ல போட்டிருக்குற ஆல்பம் வருஷத்த நம்பாதீங்க, ரெக்கார்ட் பண்ண தேதிய தேடி எடுத்து அந்த வரிசையில பிளேலிஸ்ட் போடுங்க. ஏன்னா பிரெஸ்டீஜ்ங்குற ரெக்கார்ட் கம்பெனி 1957, 58ல அவர்கிட்ட எடுத்து வச்ச டேப்ப எல்லாம் அவர் கம்பெனி மாறிப் போன பிறகும் 60கள் நடுவு வரைக்கும் புது ஆல்பம் மாதிரி வெளியிட்டுக்கிட்டே இருந்தாங்க, அதனால 1965னு போட்டிருக்குற ஒன்ன கேட்டா அது ஏழு எட்டு வருஷம் பழைய கோல்ட்ரேனா இருக்கும், கேக்குறவங்களுக்கு தலையும் புரியாது வாலும் புரியாது. அதே மாதிரி 1957ல பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் கூட நியூயார்க் கார்னகி ஹால்ல வாசிச்சது 2005லதான் வெளிய வந்துச்சு, 1963 மார்ச் 6ல ஸ்டுடியோவுல எடுத்த ஒரு முழு செஷன் 2018லதான் வந்துச்சு. அப்புறம் ஷஃபிள் ஆஃப் பண்ணிருங்க, ஆல்பம் கடைசில ஒட்டி வச்சிருக்குற ஆல்டர்நேட் டேக் (அதே பாட்ட இன்னொரு தடவ வாசிச்சு எடுத்தது) எதையும் இப்போ தொடாதீங்க.

இப்போ 1960க்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு சுருக்கமா. பிறந்தது 1926 செப்டம்பர் 23, வட கரோலினால ஹாம்லெட்ங்குற ஊரு, வளர்ந்தது அதே மாநிலத்துல ஹை பாயின்ட்ல. அம்மா வழி தாத்தா சர்ச்ல பிரசங்கம் பண்ற பாதிரியார், இத ஞாபகத்துல வச்சுக்கோங்க பின்னாடி வேணும். பன்னெண்டு வயசுல அப்பா, தாத்தான்னு வீட்டுல பெரியவங்க சில மாசத்துக்குள்ள ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போய்ட்டாங்க. 1943ல ஃபிலடெல்ஃபியா, அப்புறம் நேவில கொஞ்ச காலம், ஹவாயில. அங்க 1946ல ஆல்டோ சாக்ஸ்ல வாசிச்ச ரெக்கார்டிங் கூட இருக்கு, ஆல்டோ மேதை சார்லி பார்க்கர் மாதிரி வாசிக்க பாடுபடுற ஒரு பையன் அதுல தெரிவாரு, ஆனா அங்க இருந்து ஆரம்பிக்காதீங்க. அதுக்கப்புறம் டிஸ்ஸி கில்லெஸ்பி பேண்ட், ஜானி ஹாட்ஜஸ் பேண்ட்னு சுத்திட்டு 1955ல டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவுக்கு வரும்போது அவருக்கு 29 வயசு. ஜாஸ்ல அது லேட்டுதான், அந்த வயசுக்குள்ள பார்க்கர் வரலாற்றையே மாத்திட்டாரு.

1957 தான் திருப்பம். ஹெராயின் பழக்கத்தால மைல்ஸ் அவர குழுவ விட்டு அனுப்பிட்டாரு. கோல்ட்ரேன் ஃபிலடெல்ஃபியா வீட்டுக்கு போய் எந்த மருந்தும் இல்லாம பழக்கத்த நிறுத்துனாரு, அந்த வருஷம் கடவுள் அருளால தனக்கு ஒரு ஆன்மீக விழிப்பு கிடைச்சதா பின்னாடி அவரே எழுதியிருக்காரு. அந்த கோடையிலயே நியூயார்க்ல ஃபைவ் ஸ்பாட் கிளப்ல மங்க் கூட சேர்ந்தாரு, தினம் ராத்திரி. இந்த கட்டத்துக்கு ரெண்டு கேட்டா போதும்: 1956ல மைல்ஸ் கூட பிரெஸ்டீஜ்க்கு பண்ணதுல ஏதாவது ஒண்ணு, அப்புறம் 1957 நவம்பர் கார்னகி ஹால். ரெண்டையும் ஒரே நாள்ல அடுத்தடுத்து போடுங்க. முதல்ல இருக்குறவரு தேடுறாரு, வாக்கியம் பாதியில நின்னு வேற பக்கம் திரும்புது. ரெண்டாவதுல இருக்குறவருக்கு என்ன சொல்லணும்னு தெரியும், மங்க் பியானோவ விட்டு கைய எடுத்துட்டா கூட இவரு தடுமாற மாட்டாரு. நடுவுல ஒரே ஒரு வருஷம்!

அடுத்து 1959, இங்க அவசரப்படாதீங்க. ஏப்ரல் 22ல மைல்ஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பம் ரெக்கார்டிங்கோட ரெண்டாவது நாள், அதுல இவர் இருக்காரு. ரெண்டு வாரத்துக்குள்ளயே மே 4, 5ல தன்னோட ஜயன்ட் ஸ்டெப்ஸ் ரெக்கார்டிங். இந்த ரெண்டும் இசையில நேர் எதிர். மைல்ஸ் ஆல்பத்துல இருக்குற ஸோ வாட் கிட்டத்தட்ட ரெண்டே ஸ்கேல்ல (ஸ்வர வரிசையில) நிக்குது, வாசிக்கிறவருக்கு இடம் ஏராளம். ஜயன்ட் ஸ்டெப்ஸ்ல 16 பார்குள்ள (பார்னா தாளத்தோட ஒரு சுத்து) 26 கார்ட் (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) மாறுது, அதுவும் பி, ஜி, ஈ ஃப்ளாட்னு மூணு கீ (ஸ்ருதி மையம்) நடுவுல தாவித் தாவி, வேகமோ மூச்சு விட விடாது. அதுல டாமி ஃப்ளானகன் பியானோ சோலோவ கவனமா கேளுங்க, அவ்வளவு பெரிய கலைஞர் அங்கங்க நின்னு நின்னு தான் போறாரு, ஏன்னா கோல்ட்ரேன் அத மாசக்கணக்குல பழகியிருந்தாரு இவருக்கு அந்த நேரம் கிடைக்கல. கோல்ட்ரேன் முன்னாடி அப்போ ரெண்டு பாதை இருந்துச்சு, கார்ட ஏத்திக்கிட்டே போறது ஒண்ணு, கார்டே வேணாம்னு ஒரு இடத்துல நின்னு ஆழமா தோண்டுறது இன்னொண்ணு. முதல் பாதையோட எல்லைய ஜயன்ட் ஸ்டெப்ஸ்ல தொட்டுட்டாரு. ரெண்டாவது பாதையில அவர் வச்ச முதல் பெரிய அடி தான் நம்ம பாட்டு.

முதல் ரெக்கார்டிங்: 1960 அக்டோபர் 21, அட்லாண்டிக் கம்பெனிக்கு, 13 நிமிஷம் 41 செகண்ட். இதுக்கு நேரம் ஒதுக்கி உக்காருங்க, ஒரு தடவ கேட்டா பத்தாது, மூணு தடவ வேணும்.

முதல் தடவ சாக்ஸ விட்டுட்டு கீழ கேளுங்க. ஸ்டீவ் டேவிஸ் பாஸ், மெக்காய் டைனர் பியானோ, எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். மூணு மூணா எண்ணுங்க, ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு. பாஸ் ஈ ஸ்வரத்த விடாம பிடிச்சிருக்கும், தம்புராவுல ஸ்ருதி பிடிச்ச மாதிரி ஒரே அடித்தளம், மேல பியானோ ரெண்டே கார்ட ஆட்டிக்கிட்டே இருக்கும். டைனரோட சோலோ ரொம்ப நேரம் போகும், அதுல அவர் பெருசா எதுவும் "பண்ண" மாட்டாரு, அதே ரெண்டு கார்ட அழுத்தத்த மட்டும் மாத்தி மாத்தி வாசிப்பாரு. போர் அடிக்குதுன்னு ஸ்கிப் பண்ணிராதீங்க, அந்த இடம்தான் உங்க காத மெதுவாக்குது, அது இல்லாம அடுத்து வர்ற சாக்ஸ் சோலோ பாதிதான் இறங்கும்.

ரெண்டாவது தடவ சாக்ஸ மட்டும். இது அவர் வழக்கமா வாசிக்கிற டெனர் சாக்ஸ் இல்ல, சோப்ரானோ சாக்ஸ், நேரா ஒரே குழலா இருக்கும், சத்தம் மேல, கொஞ்சம் மூக்கால பாடுற மாதிரி. அந்த காலத்துல மாடர்ன் ஜாஸ்ல ஸ்டீவ் லேசி தவிர பெருசா யாரும் தொடாத வாத்தியம், கோல்ட்ரேன் வாசிச்ச பிறகு தான் எல்லாரும் வாங்க ஆரம்பிச்சாங்க. மெட்டு எங்க முடியுது, அவரோட சொந்த கற்பனை எங்க ஆரம்பிக்குது, மறுபடி மெட்டு எப்ப தலைகாட்டுதுன்னு குறிச்சு வச்சுக்கிட்டு கேளுங்க. குறிப்பு அடுத்த மூணு ரெக்கார்டிங்குக்கும் தேவைப்படும்.

மூணாவது தடவ கடைசி நிமிஷத்துக்கு காத்திருங்க. மூலப்பாட்டுல நாய் கடிச்சா தேனீ கொட்டுனா பிடிச்சதெல்லாம் நினைச்சுப்பேன், அப்ப மனசு சரியாயிடும்னு ஒரு பகுதி வரும், பாட்டுக்கே தீர்வு அதுதான். கோல்ட்ரேன் அத முழுசா நிறுத்தி வச்சு கடைசியில தான் வாசிக்கிறாரு. பதிமூணு நிமிஷம் கதவ திறக்காம நிக்க வச்சுட்டு கடைசியா திறக்குறாரு, எனக்கு இந்த ரெக்கார்டிங்ல ரொம்ப பிடிச்ச முடிவு இதுதான். ஆல்பம் 1961 மார்ச்ல வந்துச்சு, இந்த பாட்டோட சுருக்கின வெர்ஷன் ரேடியோவுல ஓடி ஜாஸ் கேக்காதவங்களுக்கும் அவர் பேர தெரிய வச்சுச்சு.

இங்க ஒரு நிமிஷம் நின்னு சுத்தி என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1961ல இம்பல்ஸ் கம்பெனிக்கு மாறுனாரு. இன்னொரு சாக்ஸ் கலைஞர் எரிக் டால்ஃபிய சேத்துக்கிட்டு நவம்பர்ல நியூயார்க் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்ல வாசிச்சாரு, அதுல இந்தியான்னு ஒரு பாட்டே இருக்கு, ரவிசங்கர் ரெக்கார்ட எல்லாம் தேடித்தேடி கேட்டுக்கிட்டு இருந்த காலம் அது. பின்னாடி பிறந்த மகனுக்கு ரவின்னே பேர் வச்சாரு. அந்த 1961 நவம்பர்லயே டவுன் பீட் ஜாஸ் பத்திரிகையில ஜான் டைனன்ங்குற விமர்சகர் இவங்க வாசிக்கிறது ஜாஸுக்கு எதிரானதுன்னு எழுதுனாரு. அடுத்த வருஷம் அதே பத்திரிகையில கோல்ட்ரேனும் டால்ஃபியும் பொறுமையா உக்காந்து பதில் சொன்னாங்க, கோபமே இல்லாம. அந்த சமயத்துல மெலடியா நிறைய பண்ணாரு, மெதுவான பாட்டு மட்டும் வச்சு ஒரு ஆல்பம், பியானோ கலைஞர் டியூக் எல்லிங்டன் கூட ஒண்ணு, பாடகர் ஜானி ஹார்ட்மன் கூட ஒண்ணு. ஹார்ட்மன் ஆல்பம் ரெக்கார்ட் பண்ணது 1963 மார்ச் 7, மேல சொன்ன 2018ல வந்த செஷனுக்கு மறுநாளே. ஒரு நாள் அவ்வளவு ஆவேசம், அடுத்த நாள் அவ்வளவு மென்மை. கோல்ட்ரேன் படிப்படியா மென்மையில இருந்து கத்தலுக்கு போனாருன்னு சொல்றவங்கள நான் ஒத்துக்காததுக்கு இதுதான் காரணம், ரெண்டும் அவர்கிட்ட பக்கத்து பக்கத்துலயே இருந்துச்சு.

ரெண்டாவது ரெக்கார்டிங்: 1963 ஜூலை 7, நியூபோர்ட் ஜாஸ் விழா, சுமார் 17 நிமிஷம். டைனர் இருக்காரு, பாஸ்ல இப்போ ஜிம்மி கேரிசன். டிரம்ஸ்ல எல்வின் இல்ல, ராய் ஹேன்ஸ் வந்திருக்காரு. இங்க டிரம்ஸ மட்டும் கேளுங்க. எல்வின் வாசிச்சா அலை அலையா உருண்டு வரும், எங்க ஒண்ணு எங்க மூணுன்னு மறைஞ்சு போகும். ஹேன்ஸ் கூர்மையா, ஸ்நேர் டிரம்ல படபடன்னு குத்திக்கிட்டே இருப்பாரு. அதனால கோல்ட்ரேனும் வேற மாதிரி வாசிக்கிறாரு, வாக்கியம் இன்னும் நறுக்குன்னு விழுது. பக்கத்துல யார் நிக்கிறாங்களோ அத பொறுத்து அவரோட பேச்சே மாறும், இத இங்க பிடிச்சுட்டீங்கன்னா அடுத்த ரெக்கார்டிங் பயமுறுத்தாது. நாலுல என்னோட தேர்வு இந்த நியூபோர்ட் தான். மெட்டும் இருக்கு தீயும் இருக்கு, ரெண்டும் ஒண்ண ஒண்ணு அழிக்கல.

மூணாவதுக்கு போறதுக்கு முன்னாடி ரெண்டு கேட்டே ஆகணும், தாண்டிராதீங்க. ஒண்ணு அலபாமாங்குற பாட்டு. 1963 செப்டம்பர் 15ல அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் ஊர்ல 16வது தெரு பாப்டிஸ்ட் சர்ச்ல வெள்ளை இனவெறியர்கள் குண்டு வச்சதுல நாலு கறுப்பின சிறுமிகள் செத்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு நவம்பர் 18ல கோல்ட்ரேன் இத ரெக்கார்ட் பண்ணாரு. வார்த்தை எதுவும் கிடையாது, தாளம் கூட ஆரம்பத்துல இல்ல, டெனர் தனியா பேசும், கீழ பியானோ இருட்டா உறுமும். வேற வேலை பாத்துக்கிட்டே கேக்காதீங்க இத.

இன்னொண்ணு எ லவ் சுப்ரீம்ங்குற ஆல்பம், 1964 டிசம்பர் 9, நியூ ஜெர்சில ரூடி வான் கெல்டர் ஸ்டுடியோ, நாலு பகுதி, சுமார் 33 நிமிஷம். முதல் பகுதியில பாஸ் வாசிக்கிற நாலு ஸ்வரம் இருக்கே அத மனப்பாடம் பண்ணிக்கோங்க. அந்த முதல் பகுதியோட கடைசி பக்கம் வரும்போது கோல்ட்ரேன் அதே நாலு ஸ்வரத்த பன்னெண்டு கீயிலயும் கொண்டு போவாரு, எங்க போனாலும் அதேதான்னு காட்டுற மாதிரி, அப்புறம் சாக்ஸ கீழ வச்சுட்டு வாயாலயே அந்த பேர சொல்லுவாரு. நாலாவது பகுதிக்கு மட்டும் ஆல்பம் உறையில அவர் எழுதுன பிரார்த்தனைக் கவிதைய தேடி எடுத்து கையில வச்சுக்கிட்டு கேளுங்க. சாக்ஸ் அந்த கவிதையத்தான் அசை அசையா வாசிக்குது, விரல் வச்சு படிச்சுக்கிட்டே போகலாம். தாத்தா பாதிரியார்னு சொன்னேன்ல, அந்த பிரசங்கத்தோட ஏத்த இறக்கம் அப்படியே இருக்கு இதுல.

அடுத்த வருஷமே எல்லாம் கலைஞ்சுது. 1965 ஜூன் 28ல தன்னையும் சேத்து பதினோரு பேர கூட்டி அசென்ஷன் ஆல்பத்த ரெக்கார்ட் பண்ணாரு. ஃபேரோ சாண்டர்ஸ் இன்னொரு டெனரா உள்ள வந்தாரு, அப்புறம் ரெண்டாவது டிரம்மரா ரஷீத் அலி. வருஷக் கடைசில டைனர் கிளம்பிட்டாரு, இந்த இசையில தன்னால எதுவும் சேக்க முடியல, சத்தமாத்தான் கேக்குதுன்னு பின்னாடி சொன்னாரு. கொஞ்ச நாள்ல எல்வினும் போய்ட்டாரு. பியானோவுக்கு மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் வந்தாங்க. பழைய நாலு பேர் குழுவுல மிச்சம் இருந்தது கேரிசன் மட்டும்.

மூணாவது ரெக்கார்டிங்: 1966 மே 28, மறுபடி வில்லேஜ் வேன்கார்ட். இத எப்படி கேக்குறதுன்னுதான் நிறைய பேருக்கு தெரியல. முதல்ல கேரிசன் தனியா பாஸ் வாசிப்பாரு, நிமிஷக்கணக்குல, அத ஆப்ல தனி ட்ராக்கா போட்டிருந்தாலும் சேத்தே கேளுங்க, அதுதான் வாசல். அடுத்து நீங்க மூணு மூணா எண்ண முயற்சி பண்ணா முடியாது, எண்ணாதீங்க. ரஷீத் அலி தாளம் போடல, ஓடுற தண்ணி மாதிரி சலசலப்பு கொடுக்குறாரு. கோல்ட்ரேன் மெட்ட முழுசா சொல்ல மாட்டாரு, துண்டு துண்டா விடுவாரு. இங்கதான் முதல் ரெக்கார்டிங்ல நீங்க குறிச்சு வச்சது உதவும், அந்த மெட்டு உங்க மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கணும், அப்போ அந்த துண்டுங்க எங்க இருந்து உடைஞ்சு வந்துச்சுன்னு தெரியும். சாண்டர்ஸோட அலறல் வரும்போது சவுண்ட குறைக்க கை போகும். குறைச்சுக்கோங்க, பரவால்ல, ஆனா நிறுத்தாதீங்க, அவருக்கு அடியில ஆலிஸ் வாசிக்கிற பியானோவ பிடிச்சுக்கோங்க, அது அமைதியா தொடர்ந்து போயிட்டே இருக்கும். அதே ஆல்பத்துல நைமா இருக்கு, 1959ல முதல் மனைவி பேர்ல எழுதுனது. பழசயும் இதையும் பக்கத்துல வச்சு கேட்டீங்கன்னா ஆரம்பத்துல அந்த மெட்ட அவர் எவ்வளவு பத்திரமா எடுத்து வாசிக்கிறாருன்னு புரியும். பழச தூக்கி எறிஞ்சவரு அப்படி வாசிக்க மாட்டாரு.

அந்த ஜூலைல ஜப்பான் போனாங்க. டோக்கியோவுல இதே பாட்டு 57 நிமிஷம் போயிருக்கு, அது ரெக்கார்டிங்காவே இருக்கு. கட்டாயம் இல்ல, நேரம் இருந்தா கேளுங்க. அந்த பயணத்துல நாகசாகிக்கு போய் குண்டுல செத்தவங்க நினைவிடத்துல நின்னு பிரார்த்தனை பண்ணிருக்காரு.

நாலாவது ரெக்கார்டிங்: 1967 ஏப்ரல் 23, நியூயார்க் ஹார்லெம்ல ஒலட்டுஞ்சி ஆப்பிரிக்க கலாச்சார மையம், 34 நிமிஷம் சொச்சம், வெளிய வந்தது 2001ல. ரெக்கார்டிங் தரம் மோசம், மைக் தாங்காம சத்தம் கிழியும், அது உங்க ஹெட்ஃபோன் கோளாறு இல்ல. ஸ்பீக்கர்ல கொஞ்சம் தள்ளி வச்சு கேட்டா தேவல. ராத்திரி தூங்கப் போற நேரத்துல போடாதீங்க. இதுல மெட்டு இருக்கா இல்லையான்னு தேடாம, மூச்சு எங்க இருந்து வருதுன்னு கேளுங்க. ஏன்னா அந்த மனுஷனுக்கு அப்போ கல்லீரல்ல புத்துநோய், மூணு மாசத்துல ஜூலை 17ல லாங் ஐலண்ட்ல ஒரு ஆஸ்பத்திரியில செத்துட்டாரு, வயசு 40. அது தெரிஞ்சு கேக்கும்போது பரிதாபம்தான் வரும்னு நினைப்பீங்க, ஆனா வராது, வாசிக்கிறவரு அவ்வளவு பலமா நிக்கிறாரு அங்க.

நாலும் முடிச்சவங்க உடனே முதல் ரெக்கார்டிங்க மறுபடி ஒரு தடவ கேளுங்க. டைனரோட அந்த ரெண்டு கார்ட் சோலோவும் கடைசில திறக்குற கதவும் இப்போ வேற மாதிரி கேக்கும். அதுக்கப்புறமும் கடைசி கால கோல்ட்ரேன் வேணும்னு தோணுறவங்களுக்கு, 1967 பிப்ரவரி 22ல ரஷீத் அலியும் அவரும் மட்டும் சாக்ஸ், டிரம்ஸ் ரெண்டே வாத்தியத்துல பண்ண இன்டர்ஸ்டெல்லார் ஸ்பேஸ் இருக்கு, பியானோ பாஸ் எதுவும் இல்லாததால ஒருத்தர் பேசுறத இன்னொருத்தர் எப்படி கேக்குறாருன்னு ரொம்ப தெளிவா தெரியும். அதுல மார்ஸ்ங்குற முதல் பாட்டுல ஆரம்பிக்காம முதல்ல வீனஸ்ங்குற பாட்ட போடுங்க, அதுதான் இருக்குறதுலயே மெதுவானது.